மதிப்பெண் போடும் ஆப் யாருடைய காதால் கேட்கிறது?

"இங்கிலீஷ் பேச வரமாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் இப்போது கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "ஆப் ஒண்ணு போட்டுக்கோயேன்." ஒரு காலத்தில் '30 நாளில் ஆங்கிலம்' வகைப் புத்தகங்கள் இருந்த இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. புத்தகத்துக்குக் காது கிடையாது. நாம் தப்பாகச் சொன்னாலும் பேசாமல் இருக்கும். செயலி அப்படியில்லை. நாம் சொல்வதைக் கேட்கிறது, சிவப்பு பச்சை என்று நிறம் காட்டுகிறது, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறது.

இந்தக் குறிப்பு அந்த மதிப்பெண்ணைப் பற்றியும், கூடவே வரும் சொற்பட்டியல்களைப் பற்றியும். எந்த ஆப் நல்லது என்று வரிசைப்படுத்தப் போவதில்லை. என் கேள்வி வேறு: நீலகிரியிலிருந்து ஒருவர் பேசும்போது இந்தக் கருவிகள் எதைக் கேட்கின்றன, எதைக் கேட்காமல் விடுகின்றன? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கருவிகள் 'நீ சொன்னது புரிந்ததா' என்று பார்ப்பதில்லை. 'நீ எங்களைப் போலப் பேசுகிறாயா' என்றுதான் பார்க்கின்றன. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டால் நஷ்டம் கற்பவருக்குத்தான்.

ஏன் நீலகிரி?

ஆங்கிலம் இந்த மலைக்குப் புதிது இல்லை. லவ்டேலில் இருக்கும் லாரன்ஸ் பள்ளி தொடங்கியது 1858-ல். தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர்களின் சங்கமான உபாசி 1893-ல் உருவானது. இன்று அதன் தலைமையகம் குன்னூரில் இருக்கிறது. ஆனால் ஆங்கிலம் எல்லார் வீட்டுக்கும் ஒரே மாதிரி வந்து சேரவில்லை. போர்டிங் பள்ளிகள் இருக்கிற அதே மலையில்தான் லைன் வீடுகளும் இருக்கின்றன. அங்கே வாழ்பவர்களில் ஒரு பகுதியினர் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. அதுதான் பின்னாளில் டேன்டீ.

அந்த வீடுகளின் இன்றைய பிள்ளைகள் கொழுந்து பறிக்கப் போக விரும்பவில்லை என்றால் முன்னால் இருக்கிற வழிகள் என்ன? ஊட்டியில் ஓட்டல் ரிசெப்ஷன், டூரிஸ்ட் வண்டி, நர்சிங், கோயம்புத்தூர் கம்பெனி. எல்லா வழியிலும் ஒரு ஆங்கில வாசற்படி இருக்கிறது. அந்த வாசலில் இப்போது மனிதர் மட்டும் நிற்பதில்லை. பியர்சனின் வெர்சன்ட் போன்ற தேர்வுகளில் பேச்சை மதிப்பிடுவது இயந்திரம்; இந்தியக் கால் சென்டர்கள் ஆள் எடுக்க இவற்றைப் பயன்படுத்திவருகின்றன. அதனால் 'ஆப் போடுற மார்க்குதானே' என்று தள்ளிவிட முடியாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம்

டேனியல் ஜோன்ஸின் ஆங்கில உச்சரிப்பு அகராதி வந்தது 1917-ல். அதன்பின் பல பத்தாண்டுகள், ஒரு சொல்லின் உச்சரிப்பு வேண்டுமென்றால் புத்தகத்தில் இருந்த குறியீடுகளைத்தான் பார்க்கவேண்டும். குறியீட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒலி. தெரியாதவருக்கு வெறும் பூச்சி எழுத்து. கிராமத்துப் பள்ளியில் ஆங்கிலம் படித்த பலருக்கும் ஆங்கில ஒலி என்பது அவர்களுடைய வாத்தியாரின் ஒலிதான்.

இன்றைக்கு கேம்பிரிட்ஜ் அகராதியிலும் ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதியிலும் ஒலிப்பெருக்கிப் படத்தைத் தொட்டால் ஒரு முறை பிரிட்டிஷ், ஒரு முறை அமெரிக்கன் என்று சொல்லிக் காட்டுகிறது. காசு கிடையாது. 2008-ல் ஸ்பெயினிலிருந்து தொடங்கிய ஃபோர்வோவில் பல நாட்டுச் சாதாரண மக்கள் தங்கள் குரலில் சொற்களைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். யூகிளிஷில் ஒரு சொல்லைத் தட்டினால், யூடியூபில் யாரெல்லாம் அந்தச் சொல்லைப் பேசினார்களோ அந்த இடங்களை வரிசையாகக் காட்டும். தனிச் சொல்லாக இல்லாமல், பேச்சின் ஓட்டத்தில் கேட்கலாம். இது பெரிய வரம், சந்தேகமே இல்லை. கேட்கக் கொடுக்கும் கருவிகளோடு எனக்குச் சண்டை குறைவு. சண்டை எல்லாம் கேட்டு மதிப்பிடும் கருவிகளோடுதான்.

மதிப்பெண் எப்படி வருகிறது?

உச்சரிப்புக்கு இயந்திரம் மதிப்பெண் போடும் முறைகளில் அதிகம் பேசப்படுவது, கேம்பிரிட்ஜில் சில்கே விட், ஸ்டீவ் யங் இருவரும் உருவாக்கி 2000-ல் கட்டுரையாக வெளியிட்டது. கணக்கை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் 'மெல்லிய' என்று பொருள்படும் 'தின்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சொல்கிறீர்கள். கருவி அந்த ஒலியைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. முதல் துண்டை எடுத்து, 'இது நான் எதிர்பார்த்த ஒலியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? வேறு ஏதாவது ஒலியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?' என்று கணக்குப் போடுகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அந்தத் துண்டின் மதிப்பெண். இப்படி எல்லாத் துண்டுக்கும் போட்டுக் கூட்டினால் சொல்லின் மதிப்பெண்.

கவனியுங்கள். 'இந்தச் சொல்லைக் கேட்டவருக்கு என்ன புரிந்தது' என்ற கேள்வி இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. அதோடு, வாய்ப்பைக் கணக்கிடும் மாதிரி யாருடைய குரல்களைக் கேட்டு வளர்ந்ததோ, அவர்களுடைய காதுதான் அதற்கு இருக்கும். கூகுள் தேடலில் 2019-ல் வந்த உச்சரிப்புப் பயிற்சி அமெரிக்க ஆங்கிலத்தில்தான் தொடங்கியது. எல்சா போன்ற செயலிகள் அமெரிக்க உச்சரிப்பை அளவுகோலாக வைத்துச் சதவீதம் சொல்கின்றன.

இயந்திரக் காது எவ்வளவு ஓரவஞ்சனை காட்டும் என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. 2020-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்குச் சராசரியாக 19 பிழை. கறுப்பினத்தவர் பேச்சில் 35. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்து, ஆங்கிலமே தாய்மொழியான மக்களுக்கே இந்தக் கதி என்றால், கோத்தகிரிப் பெண்ணின் குரலை அந்தக் காது எப்படிக் கேட்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

'ஆங்கிலம் (இந்தியா)' என்ற தேர்வு இப்போது பல கருவிகளில் வந்துவிட்டது உண்மை. அது முன்னேற்றம்தான். ஆனால் பஞ்சாபி பேசுபவரின் ஆங்கிலமும் தமிழரின் ஆங்கிலமும் ஒரே சிக்கல் உள்ளவை அல்ல. 'இந்தியா' என்பது ஒரு சராசரி. சராசரியில் யாருடைய வாயும் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். ஜூன், ஜூலையில் தகரக் கூரையில் மழை கொட்டும்போது மைக்கில் என்ன விழும்? பேசுபவரின் குரல் மழைச் சத்தத்தில் கலந்துபோனாலும் செயலி அதை உச்சரிப்புக் குறையாகவே எண்ணி மதிப்பெண்ணைக் குறைக்கும். அமைதியான தனி அறை இருப்பவருக்குத்தான் இந்தத் தேர்வு சரிப்பட்டு வரும்.

புரிய வைப்பதற்கு எது முக்கியம்?

இதை நம் நாட்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். ஹைதராபாத் மத்திய ஆங்கில நிறுவனத்தைச் (இன்றைய இஃப்ளு பல்கலைக்கழகம்) சேர்ந்த ஆர்.கே. பன்சால், இந்தியர் பேசும் ஆங்கிலம் பிற நாட்டவருக்கு எவ்வளவு புரிகிறது என்று சோதித்து, 1969-ல் நூலாக்கினார். புரியாமல் போவதற்கு அவர் காட்டும் காரணங்களில் முக்கியமானது சொல்லழுத்தம், அதாவது ஒரு சொல்லில் எந்த அசையை ஓங்கிச் சொல்கிறோம் என்பது.

2000-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் கேள்வியை வேறு கோணத்தில் கேட்டார். இன்றைக்கு ஆங்கிலம் பேசும் இருவரில் பல நேரம் இருவருக்குமே அது தாய்மொழி இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குள் புரிதல் எங்கே உடைகிறது? அவர் போட்ட பட்டியலில், 'தின்' போன்ற சொற்களில் வரும் அந்தப் பிரசித்தி பெற்ற பல்லிடை ஒலி தேவையான ஒன்றாக இல்லை! குறில்–நெடில் வேறுபாடு இருக்கிறது. சொல் முதலில் வரும் ப, ட, க போன்ற வல்லொலிகளைக் காற்றோடு வெடித்துச் சொல்வது இருக்கிறது. சொல்லழுத்தத்தை மட்டும் அவர் அவ்வளவு முக்கியமாகக் கருதவில்லை. பன்சாலோடு அங்கே வேறுபடுகிறார். காரணம் எளிது: பன்சாலின் கேட்போரில் பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் இருந்தார்கள். யாரிடம் பேசப் போகிறோம் என்பதைப் பொறுத்துத் தேவை மாறும். எந்த ஆப்பாவது 'நீ யாரிடம் பேசப் போகிறாய்?' என்று முதலில் கேட்கிறதா?

நம்மிடம் இருப்பதும் இல்லாததும்

இப்போது தமிழ் பேசுபவரை எடுத்துக்கொள்வோம். உலகத்துக்கெல்லாம் பொதுவாகச் செய்த பாடம் 'ஷிப்', 'ஷீப்' என்ற கப்பல்–செம்மறியாட்டுப் பயிற்சியில் நாள்கணக்கில் உட்கார வைக்கும். ஸ்பானியருக்கு அது கஷ்டம். குறிலும் நெடிலும் தாய்ப்பாலோடு வந்த நமக்கு அதில் என்ன கஷ்டம்? ஒலித்தன்மையில் சிறு வேறுபாடு இருந்தாலும் நீளமே வேலையை முடித்துவிடும்.

'தின்' என்பதற்கு வருவோம். நாம் அதை நம் 'த' போட்டுச் சொல்கிறோம். தகர டப்பாவுக்கான சொல்லை 'டின்' என்கிறோம். இரண்டும் நம் வாயில் தனித்தனியாகத்தான் இருக்கின்றன, குழப்பமே இல்லை. ஆனாலும் செயலி முதல் சொல்லைச் சிவப்பாக்கும். சரி, அந்த ஒலி வேண்டும் என்றே வைத்துக்கொண்டாலும், அதன் ஜோடியான மென்மையான ஒலி தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. 'அது', 'இது' என்று சாதாரணமாகப் பேசும்போது நடுவில் வரும் 'த' எப்படி ஒலிக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'அப்பா'வுக்கான சொல்லின் நடுவில் வருவது ஏறக்குறைய அதுதான். "அது-ல வர்ற த-வை அப்படியே போடு" என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. அமெரிக்க 'ர'வுக்கும் நம் 'ழ'வே பக்கத்து வீட்டு ஒலி. தமிழ் தெரியாத கருவிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நாக்கை வெட்டிய படம் போட்டுக் காட்டிக்கொண்டே இருக்கும்.

நமக்கு உண்மையான சிக்கல் வேறு இடத்தில். தமிழில் 'பேக்' என்று எழுதுகிறேன். இது எந்தச் சொல்? பையா, முதுகா, மூட்டை கட்டுவதா, அடுப்பில் ரொட்டி சுடுவதா? நான்கு ஆங்கிலச் சொற்களுக்கும் தமிழ் எழுத்தில் ஒரே வடிவம். 'பாபு' என்று கூப்பிடும் வாய்க்கு இரண்டு வகை 'ப'வும் வரும். எழுத்துதான் காட்டிக்கொடுக்காது. ஆகவே எந்தச் சொல்லில் எந்த 'ப' என்பது மனப்பாடமாக வேண்டிய விஷயமாகிறது. ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு போடும் கருவிகளும் புத்தகங்களும் இந்த இடத்தில்தான் கழுத்தை அறுக்கின்றன. உதவி செய்வதாக நினைத்து, எந்த வேறுபாட்டைக் கற்க வேண்டுமோ அதையே அழித்துவிடுகின்றன.

இன்னொன்று. நாம் கடினமான 'ப' சொன்னாலும் அதைக் காற்று விடாமல் சொல்கிறோம். ஆங்கிலேயக் காது சொல்முதலில் காற்றில்லாத 'ப'வை மென்மையான 'ப'வாகவே எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். குன்னூரில் இது விளையாட்டு விஷயம் இல்லை. பேரிக்காய் இங்கே விளைகிறது. சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியே நடக்கிறது. கரடியும் தேயிலைத் தோட்டத்துக்குள் சாவகாசமாக நடமாடுகிறது. ஆங்கிலத்தில் பேரிக்காயும் கரடியும் முதல் ஒலியில் மட்டும்தான் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் 'பேர்'. "இந்தப் பக்கம் நிறைய 'பேர்' இருக்கும், சார்" என்று ஒரு கைடு சொன்னால் வெளிநாட்டுப் பயணி பையைத் திறப்பாரா, ஓடுவாரா? இந்த ஒரு ஒலிக்கு ஒரு வாரம் செலவழித்தால் பலன் உண்டு. பொதுப் பாடத்திலோ அது முப்பது பயிற்சிகளில் ஒன்றாகப் போய்விடும்.

அடுத்தது அழுத்தம். ஹோட்டல், எஸ்டேட், கமிட்டி, ரிசெப்ஷன், பொட்டானிக்கல் கார்டன், யூகலிப்டஸ் என எல்லாம் நீலகிரியில் தினமும் புழங்கும் சொற்கள். 'ஹோட்டல்', 'எஸ்டேட்' இரண்டிலும் ஆங்கிலத்தில் ஓங்கிச் சொல்ல வேண்டியது இரண்டாம் அசை. 'பொட்டானிக்கல்' என்பதில் 'டா', 'யூகலிப்டஸ்' என்பதில் 'லிப்'. நாம் எல்லா அசையையும் சமமாகச் சொல்லிவிடுவோம், அல்லது முதல் அசையில் ஏறி உட்காருவோம். இந்தச் சொற்களைப் புதிதாகக் கற்றுத்தரத் தேவையே இல்லை. பொருள் தெரியும், எங்கே பயன்படுத்துவது என்று தெரியும். ஒலியை மட்டும் கொஞ்சம் நகர்த்தினால் போதும். தமிழில் ஏற்கெனவே வாழும் ஆங்கிலச் சொற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் நான் பார்த்த செயலிகள் கற்பவரைப் பூஜ்ஜியமாகப் பாவித்து ஆப்பிளிலிருந்து ஆரம்பிக்கின்றன. 'தெரிந்த சொல், திருத்த வேண்டிய ஒலி' என்று ஒரு பட்டியல் போட்டாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

மலையில் தமிழ் மட்டுமா பேசுகிறார்கள்?

இதுவரை சொன்னது தமிழ் பேசுபவருக்கு. நீலகிரியில் படுகர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். தோடர், கோத்தர், இருளர், குறும்பர் இருக்கிறார்கள். கூடலூர்ப் பக்கம் மலையாளம் சாதாரணம். 'தமிழ்நாட்டு மாணவர் செய்யும் பிழைகள்' என்று ஒரு பட்டியலை இவர்கள் எல்லார் தலையிலும் கட்ட முடியாது. படுகு பேசும் பிள்ளைக்கு, கன்னடம் பேசுபவரைப் போலவே, இரண்டு வகை 'ப'வும் தாய்மொழியிலேயே வேறு வேறு ஒலிகள். தமிழருக்கு வைத்த அந்த ஒரு வாரப் பாடம் அவர்களுக்கு வேண்டியதில்லை.

தோடர் மொழியின் கதை இன்னும் சுவாரசியம். பேசுபவர்கள் இரண்டாயிரம் பேர் அளவில்தான். ஆனால் திராவிட மொழிகளிலேயே உரசொலிகள் மிக அதிகமாக உள்ள மொழி அது. 'ஃப' உண்டு. செயலிகள் இந்தியர்களை வாட்டி எடுக்கும் அந்தப் பல்லிடை ஒலியும் உண்டு! ஒரு தோடர் குழந்தைக்கு அது பாட்டி சொன்ன கதையிலேயே கேட்ட ஒலி.

பரோ–எமனோ அகராதி என்று நாம் சொல்வோமே, அந்த எமனோ 1930களில் இந்த மலையில் தங்கித் தோடர், கோத்தர், படுகர் மொழிகளை ஆராய்ந்தவர். படுகு மொழியின் உயிரொலிகள் நாமடிவதைப் பற்றி 1939-ல் எழுதினார். தோடர் மொழியின் 'ர' வகைகளைப் பற்றி பீட்டர் லாடிஃபோகிட், பெரி பாஸ்கரராவ் உள்ளிட்டோர் 1996-ல் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏ ஒலியியல் காப்பகத்துக்குப் போனால் தோடர் மொழிப் பதிவுகளை இணையத்தில் இன்றும் கேட்கலாம்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. உலக ஒலியியல் அறிஞர்கள் இந்த மலைக்கு வந்து, இங்குள்ளவர் வாயில் இருக்கும் ஒலிகளின் நுட்பத்தைக் கண்டு வியந்து பதிந்துகொண்டு போனார்கள். அதே ஒலியியலின் பிள்ளையான ஒரு செயலி, அதே மலையின் பிள்ளையிடம் 'மீண்டும் முயற்சி செய்' என்கிறது. அந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று அது ஒருமுறைகூடக் கேட்கவில்லை. 'உன் தாய்மொழி எது' என்று கேட்கிற செயலிகளும் பெரும்பாலும் திரையில் எந்த மொழியில் எழுதுவது என்பதற்காகத்தான் கேட்கின்றன. பாடத்தை மாற்றுவதற்காக அல்ல.

சொற்பட்டியல் யாருடைய வாழ்க்கை?

சொல்வளக் கருவிகளுக்கும் இதே நோய்தான், வேறு வடிவத்தில். 'முதலில் கற்க வேண்டிய 3000 சொற்கள்' என்ற யோசனையின் ஒரு வேர் அன்றைய இந்தியாவில் இருக்கிறது. டாக்காவில் ஆசிரியப் பயிற்சியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளுக்குக் குறைந்த சொற்களில் வாசிக்கப் பாடநூல் செய்யத் தொடங்கினார். பிறகு 1953-ல் சுமார் 2000 சொற்கள் கொண்ட அவருடைய பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் வந்தது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு 3000 வரை அந்த மரபு தொடர்கிறது. எளிய யோசனை, நல்ல யோசனை. ஆனால் 'அடிக்கடி வரும் சொல்' என்றால் யாருடைய பேச்சில், யாருடைய எழுத்தில் அடிக்கடி?

'பிரிஸ்க்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கற்போர் அகராதியில் முதலில் வருவது 'விறுவிறுப்பான' நடை. குன்னூர் தேயிலை ஏலத்தோடு தொடர்புள்ள யாரைக் கேட்டாலும் வேறு பொருள் சொல்வார்கள்: நாக்கில் உயிரோடு நிற்கும் துவர்ப்பு. எதிர்ச்சொல் 'ஃபிளாட்', அதாவது சப்பென்று இருப்பது. டீத்தூளின் விலை இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் ஏறி இறங்கும். 'ஃபிளஷ்' என்றால் செயலி கழிவறைப் படம் காட்டலாம். தோட்டத்தில் அது புதுக்கொழுந்து விடுவது. 'விதர்' என்றால் பூ வாடுவது. ஃபேக்டரியில் அது கொழுந்தை வாட்டும் முதல் வேலை. 'பாடி', 'பிரைட்', 'வயரி' என்று இன்னும் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. இதெல்லாம் யாரோ சிலருடைய குழூஉக்குறி இல்லை. கறுப்புத் தேயிலைக்கான சொற்களை வரையறுத்து ஐஎஸ்ஓ 6078 என்ற சர்வதேசத் தரம் 1982-லேயே வந்துவிட்டது. இருந்தும், தேயிலை மாவட்டத்தில் ஆங்கிலம் கற்கிற ஒருவருக்கு இந்தச் சொற்களைத் தமிழோடு சேர்த்துக் கொடுக்கும் ஒரு எளிய கருவியும் என் கண்ணில் படவில்லை.

இதில் வேடிக்கை, ஆங்கிலமும் தமிழும் இந்தத் தோட்டங்களில் நூறு வருஷத்துக்கு மேலாகக் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டிருக்கின்றன. காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தை இலங்கையிலிருந்து வந்தவர்கள் 'பிரட்டுக் களம்' என்பார்கள். 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்தான் பிரட்டு ஆனது. எதிர்த்திசையில், மலை மடிப்புகளில் இருக்கும் காட்டை ஆங்கிலேயர் 'ஷோலா' என்று எடுத்துக்கொண்டார்கள். 1886-ல் வந்த ஹாப்சன்–ஜாப்சன் அகராதியிலேயே அது இருக்கிறது, நம்முடைய சோலைதான். ஆங்கில அகராதியில் உள்ள ஒரு சொல்லுக்குச் சொந்தக்காரப் பிள்ளைக்கு, 'ஆங்கிலம் உனக்கு அந்நியம்' என்ற உணர்வோடு பாடத்தைத் தொடங்குவது என்ன நியாயம்?

பின் எதைத்தான் பயன்படுத்துவது?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது அழகில்லை. இப்போது கையில் இருக்கும் இலவசப் பொருள்களை வைத்தே சில விஷயங்கள் செய்யலாம்.

கேட்பதற்கு அகராதி ஒலி, ஃபோர்வோ, யூகிளிஷ் மூன்றையும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒரே சொல்லைப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வதைக் கேட்பது, ஒருவரைப் பத்துமுறை கேட்பதைவிட நல்லது. எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று காதே பிடித்துக்கொள்ளும்.

பேசிப் பார்க்க, மதிப்பெண் போடும் செயலியைவிட ஃபோனில் இருக்கும் குரல் தட்டச்சு மேல். அது நூற்றுக்கு எத்தனை என்று சொல்லாது. என்ன கேட்டது என்று எழுதிக் காட்டும். பேரிக்காய் சொன்னால் கரடி வந்து நிற்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம். முழு வாக்கியமாகச் சொன்னால் அது சந்தர்ப்பத்தை வைத்து ஊகித்து, நம் பிழையை மூடி மறைத்துவிடும். தனிச் சொற்களாகச் சொல்லிப் பாருங்கள்.

குழந்தைகளுக்கு, கூகுள் 2019-ல் 'போலோ' என்ற பெயரில் இந்தியாவில் தொடங்கி, பிறகு 'ரீட் அலாங்' என்று மாற்றிய செயலியின் அணுகுமுறை எனக்குப் பிடித்திருந்தது. குழந்தை கதையை வாய்விட்டுப் படிக்க, அது கூடவே கேட்டு, தடுமாறுகிற சொல்லில் உதவும். இணையம் இல்லாமலும் ஓடும்படி செய்தார்கள். சிக்னல் கிடைக்காத பள்ளத்தாக்குகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 'வெள்ளைக்காரர் மாதிரி சொன்னாயா' என்பதைவிட 'படித்தாயா' என்பது நல்ல கேள்வி.

எல்லாவற்றையும்விட நல்ல கருவி இன்னொரு மனிதர். தோழியோ அண்ணனோ கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் சித்தப்பாவோ யாராக இருந்தாலும் சரி. குழப்பம் தரும் ஜோடிச் சொற்களாக இருபது எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையைக் கலைத்து, வாட்ஸாப்பில் குரல் செய்தியாக அனுப்புங்கள். 'சரியாச் சொன்னேனா?' என்று கேட்காதீர்கள். உறவுக்காரர்கள் சரி என்றுதான் சொல்வார்கள். 'நீ கேட்டதை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பு' என்று மட்டும் சொல்லுங்கள். ஒரே ஊர்க்காரர் காதும் நம் காதும் ஒன்றாக இருக்கலாம் என்பதால், தமிழ் பேசாத ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. இருபதில் எத்தனை தப்பாக எழுதப்பட்டு வருகிறதோ அவைதான் நீங்கள் உழைக்க வேண்டிய ஒலிகள். மற்றவற்றுக்கு எந்த ஆப் எவ்வளவு சிவப்பு காட்டினாலும் கவலைப்படாமல் அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

மேலே சொன்ன தேயிலைச் சொற்களுக்குத் தமிழ்ப் பொருளும், அழுத்தம் எங்கே என்ற குறிப்பும் சேர்த்து ஒரு சிறு பட்டியல் தயாரித்துவருகிறேன். கவாத்து முதல் ஏலம் வரை தோட்டத்திலும் ஃபேக்டரியிலும் புழங்கும் சொற்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.